வைன் டேஸ்டிங்குக்குக் காசு கட்டியாச்சு, பிறகென்ன கட்டுப்பாடு?

வெள்ளவத்தைக்காரன்:
டிசம்பர்ல மெல்பேர்ண் போறம், அண்ணாவையள் அங்கதான். அங்க கிட்ட யாரா வலி (Yarra Valley) எண்ட இடத்தில ஒரு வைனரி, அதுதான் வைன் செய்யிற தோட்டம், போய் டேஸ்ட் பண்ணிப் பாக்கிற பிளான், சின்னாக்களோட சேர்த்து 14 பேர். அண்ணி இப்பவே தொடங்கிட்டா, முதல்லயே புக் பண்ணோணுமாம், சென்ட் பூசக்கூடாதாம், வாயில வைச்சுப் பாத்த வைனைத் துப்புறதுக்கு வாளி வைப்பினமாம். காசும் கட்டி இவ்வளவு சட்டமும் கேக்கோணுமோ?

பம்பலப்பிட்டி அக்கா:
அண்ணி சொன்னது சரி தம்பி. கவுண்டரில ஊத்தி விளக்கம் சொல்ல ரெண்டு மூண்டு பேர்தான் நிப்பினம், 14 பேர் சொல்லாமக் கொள்ளாமப் போய் இறங்கினா புக் பண்ணி வந்த சனத்தின்ர பாடு என்ன? வைனை முதல்ல மூக்காலதான் பாக்கிறது, உங்கட சென்ட் பக்கத்தில நிக்கிறவற்ற கிளாஸ் மட்டும் போகும்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டன் அக்கா. ஓசியில ஊத்தினா சரி, மரியாதைக்கு ஒரு போத்தல் வாங்கலாம். ஃபீஸும் வாங்கிப்போட்டு, போத்தல் எடுக்காமப் போனா முகத்தை நீட்டினா அது அவையின்ர பிழை. நாலு பேருக்கு முன்னால துப்புறதோ? என்ர அம்மா கண்டா காதைத் திருகிவிடுவா 😂

தேத்தண்ணி மன்னன்:
மச்சான் நான் கொழும்பில தேயிலை புரோக்கர் கம்பனியில வேலை. 1883ல தொடங்கின ஏலம் இது, இண்டைக்கும் ஏலத்துக்கு முதல் டேஸ்டர்மார் கோப்பை கோப்பையா உறிஞ்சித் துப்பித்தான் பாக்கினம், ஒருத்தரும் அருவருக்கிறேல்ல. வைனில துப்பாட்டிக் கஷ்டம் வேற. ஒரு ஊத்து 30 மில்லி எண்டு வையுங்கோ, ஆறு வகை குடிச்சா 180 மில்லி, அங்க 100 மில்லியே ஏறத்தாழ ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் (குடிச்ச அல்ககோலைக் கணக்குப் பாக்கிற அளவு). வாகனம் ஓட்டுறதெண்டா மெல்பேர்ண் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில ஃபுல் லைசன்ஸ்காரருக்கு இரத்தத்தில அல்ககோல் 0.05 வீதத்துக்குக் கீழ இருக்கோணும், புதுசா லைசன்ஸ் எடுத்த பி பிளேட் பெடியளுக்குப் பூச்சியம். துப்ப வெக்கமெண்டா ஒரு வாய் பாத்திட்டு மிச்சத்தை வாளியில ஊத்துங்கோ, ஊத்தினவர் கோவிக்கவே மாட்டார்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
சரி வாளியை விடுங்கோ. போத்தல் வாங்கிற கதைக்குப் பதில் வரேல்லயே?

பம்பலப்பிட்டி அக்கா:
ஃபீஸ் கட்டினா வாங்கோணும் எண்டு கட்டாயம் இல்ல, அதில நியாயம் உங்கட பக்கம்தான். சில இடத்தில போத்தல் எடுத்தா ஃபீஸைக் கழிப்பினம், அதை முதல்லயே கேக்கலாம், வெக்கப்படத் தேவையில்ல. ஆனா ஒரு ஃபீஸைக் கட்டிப்போட்டு நாலு பேர் ஒரு கிளாஸை மாத்தி மாத்திக் குடிக்கிறதும், விலை கூடினதில "இன்னொருக்கா ஊத்துங்கோ" எண்டு நிக்கிறதும் என்ன பழக்கம்? எங்கட ஆக்கள்தான் செய்யினம் எண்டு சொல்லேல்ல (செய்யினம்).

தேத்தண்ணி மன்னன்:
இன்னொண்டு, படமெடுக்கிறம் எண்டு திராட்சைக் கொடிக்குள்ள இறங்காதேங்கோ. 2006ல யாரா வலியில ஃபிலொக்ஸெரா பிடிச்சது, வேரில இருக்கிற குட்டிப் பூச்சி, சப்பாத்து மண்ணோடயும் டயரோடயும் அடுத்த தோட்டத்துக்குப் போயிடும். வந்தா மருந்தால மாறாது, கொடியைப் பிடுங்கிப்போட்டு பூச்சியைத் தாங்கிற வேரில ஒட்டின கண்டைத்தான் நடோணும்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
படமும் எடுக்கேலாதோ, பிறகேன் போறது?

தேத்தண்ணி மன்னன்:
வேலிக்கு இங்கால நிண்டு எடு ராசா.

வெள்ளவத்தைக்காரன்:
சரி, அம்மாவையும் சின்னாக்களையும் ஹீல்ஸ்வில் சரணாலயத்தில இறக்கிவிட்டா கங்காரு, கோவாலா பாப்பினம். மிச்சம் ஆறு பேர் புக் பண்ணிப் போறம். வாகனம் அண்ணாதான் ஓட்டோணும், ஆளுக்கு இன்னும் சொல்லேல்ல 😅