தங்கை மகளோடு வெளிநாட்டுப் பயணம்: அனுமதிக் கடிதம் பற்றிச் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தங்கை மகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன். வயது 9. தங்கைக்கு அது பிரசவ நேரம், மாப்பிள்ளையும் அவள் கூடவே இருந்தாக வேண்டும். அதனால் நானும் குழந்தையும் மட்டும்தான்.

பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்துக்கு நோட்டரி முத்திரை வாங்கிவிட்டேன். பயணத் தேதி, தங்கும் முகவரி, என் பாஸ்போர்ட் எண், அவர்களின் போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் பாஸ்போர்ட் நகல்கள், அவசர சிகிச்சைக்கு நான் சம்மதம் தரலாம் என்று தனியாக ஒரு கடிதம், இவையும் கையில் இருக்கின்றன.

நோட்டரி முத்திரை மட்டும் போதுமா, அப்போஸ்டிலும் (கடிதத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டில் காட்ட அரசு தரும் சான்று) வாங்க வேண்டுமா? 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அதை ஏற்கும் என்பது தெரியும். ஆனால் இந்த மாதிரிக் கடிதத்துக்கு உங்களில் யாரிடமாவது கேட்டார்களா? நடுவில் விமானம் மாறும் நாட்டிலும் காட்டச் சொல்வார்களா?

என்னை அதிகம் உறுத்துவது வேறு. எங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு. குடியேற்ற அதிகாரி குழந்தையிடமே "இவங்க யாரு? அம்மா எங்கே?" என்று கேட்கலாமாம். கேட்பது நியாயம்தான், குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தானே. ஆனால் இவள் புது ஆட்களிடம் வாயே திறக்க மாட்டாள், பயந்து அழுதுவிடுவாள். அவளை எப்படித் தயார்செய்வது? சொல்லிக்கொடுத்த மாதிரி ஒப்பித்தால் அதுவே சந்தேகமாகிவிடாதா?

அக்கா, அண்ணன், தம்பி பிள்ளைகளோடு இப்படிப் போய்வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.