சாத்தையாறு: நம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழி

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெரியாற்றுக் கால்வாய் கூப்பிடு தூரத்தில் நிறைந்து ஓடும்போது நம் கண்மாய் மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது என்று துபாயில் இருக்கும் தம்பி கேட்டிருந்தார். சின்ன வயதில் நானும் அப்பாவிடம் இதையே கேட்டிருக்கிறேன். "தண்ணி மேட்டுக்கு ஏறாதுப்பா" என்பதோடு முடித்துவிட்டார். வைகையில் பேரணையில் பிரிகிற கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது. அதற்குத் தெற்கே வைகைவரை சரிவு, தானாகப் பாயும். நாம் இருப்பது அதற்கு வடக்கே, மேட்டில். 1895-இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபோது செழித்தது கீழ்ப்பக்கம்தான். நமக்குச் சாத்தையாறு என்கிற ஓடைதான் கதி, சாத்தையாற்றுக்குச் சிறுமலையில் பெய்கிற மழைதான் கதி.

அந்தச் சிறுமலையும் முழுதாக நமக்கில்லை. வடக்குச் சரிவில் விழும் மழை சந்தானவர்த்தினியாக இறங்கி, குடகனாறு, அமராவதி என்று சுற்றிக் காவிரிக்குப் போய்விடுகிறது. தெற்குச் சரிவிலும் வகுத்தமலைப் பக்கமும் பெய்வதுதான் நம் ஓடைக்கு. ஒரே மேகம்தான், முகட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டினால் கரூருக்கு, இந்தப் பக்கம் கொட்டினால் பாலமேட்டுக்கு.

சாத்தையாறு அணை 29 அடி, அதை நம்பி 11 கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் அடுத்ததற்கு வரத்து. அதனால் நம் ஊர்ச் சங்கம் போடப்போகும் வரைபடத்தில் இதை ஒரு நீலக் கோடாக இழுத்துவிடாதீர்கள், படிக்கட்டு மாதிரி வரையுங்கள். நடுவில் ஒரு கரை உடைந்தாலோ, தண்ணீர் வரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிப்போனாலோ கீழே இருக்கிறவர்களுக்கு அந்த வருடம் நாற்றங்காலே கிடையாது.

கடைசிப் படிகள் மதுரைக்குள் இருக்கின்றன. குலமங்கலம், ஆனையூர் தாண்டிச் செல்லூர்க் கண்மாய், அங்கிருந்து பந்தல்குடி வாய்க்காலில் வைகை. 2024 அக்டோபரில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அன்று என் அக்கா வீட்டில் முழங்கால் அளவு நின்றது, பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அது நகரத்தில் பெய்த மழைதான், ஆனால் வடிய வேண்டிய வழி நம் ஓடையின் வழி. அக்காவுக்கு மனை விற்றவர் பக்கத்தில் ஓடை இருப்பதைச் சொல்லவே இல்லை.

அதனால் சங்கத்தின் வரைபடம் ஊர் எல்லையோடு நிற்கக் கூடாது என்பது என் கருத்து. சிறுமலை முகட்டில் தொடங்கிப் பந்தல்குடியில் முடியட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கண்மாயிலிருந்து அணைவரை வரத்துக்கால் ஓரமாக நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம், மடைகளின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள், எனக்கு இரண்டுதான் நினைவில் இருக்கிறது. மாசியில் நான் வருகிறேன், கலுங்குக்குக் கீழே போகும் பாதையை நான் நடந்து பார்க்கிறேன்.