பதில் சொல்லும் நொடியில் அணைந்துபோகும் குரல் கருவி: உங்கள் அனுபவம் என்ன?

தலவாக்கலையான்

இன்னும் மனது ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது விழுந்த எண்ணம் இது. அப்பாயிக்குப் பார்வை மங்கல். இருட்டில் மணி கேட்டால் சொல்ல ஒரு கருவி வேண்டும். ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, மைக், ஸ்பீக்கரை ஓட்டும் மேக்ஸ்98357ஏ ஒலிபெருக்கிச் சில்லு, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று, டிபி4056 சார்ஜர் பலகை, எல்லாரும் போடுவதுதான். பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை மடிக்கணினிக்கு. யூஎஸ்பி வயரில் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது.

பெட்டரியில் போட்ட முதல் இரவு, அப்பாயி போர்வையை விலக்கி எழுந்து, கருவி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "மணி என்ன?" என்று கேட்டார். நீல விளக்கு எரிந்தது. "மணி ஏ..." என்றது. டக்கென்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது, மறுபடி தொடக்க ஒலி. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "மணி ஏ..." தான். "பாவம், அதற்கு முடியவில்லை போல. விடு" என்று படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதனிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

பலகையில் இருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர்தான் (வோல்ட்டை 3.3-க்கு இறக்கிச் சீராகத் தரும் சில்லு) காரணம். உள்ளே வருவது ஏறக்குறைய 1.1 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் அது 3.3 தரும். மின்கலமோ நிறைந்திருக்கும்போதே 4.2 தான். கேட்டுக்கொண்டிருக்கும்வரை தாக்குப்பிடித்தது; வைஃபையும் ஸ்பீக்கரும் சேர்ந்து இழுத்ததும் விழுந்துவிட்டது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டேன். பதில் சொல்லும் அந்த நொடிக்குக் கணக்கே போடவில்லை.

நானுஓயா

ரெகுலேட்டர் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன், தம்பி. என்னுடையதில் இருந்தது டிபிஎஸ்63020, வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த ரெகுலேட்டர். மின்கலம் 3.3-க்குக் கீழே போனாலும் ஏற்றிக் கொடுக்கும். அதுவும் அணைந்தது. ஜனவரி மாதம், விடியற்காலை, கோவா பாத்தியெல்லாம் உறைபனி. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய மின்கலம். சும்மா அளந்தால் 3.9 வோல்ட். கேள்வி கேட்டதும் மீட்டர் முள் மூன்றுக்குக் கீழே சரிந்தது, பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிட்டது. மின்கலத்தைச் சட்டைக்குள் வைத்துக் கால் மணி நேரம் சூடேற்றிப் போட்டேன். முழு வாக்கியமும் சொன்னது. ஆறியதும் பழைய கதை. குளிரில் மின்கலத்தின் உள்தடை (மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை) கூடும். பழைய மின்கலத்தில் ஏற்கெனவே கூடியிருக்கும். சுமை இல்லாமல் அளந்து திருப்திப்படாதீர்கள்.

பண்டாரவளை டீச்சர்

எனக்கு வேறு வகை. எம்டி3608 என்ற வோல்ட் உயர்த்தும் சில்லை வைத்து 5 வோல்ட்டாக உயர்த்தியிருந்தேன். அணையவில்லை, ஆனால் மகள் கூப்பிட்டால் கருவி பதில் தரவில்லை. பதிவை ஹெட்போனில் கேட்டேன்: பிள்ளையின் குரலுக்கு அடியில் கொசு மாதிரி ஓர் இரைச்சல்.

தம்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கிச் சில்லை மின்கலத்திலேயே நேரடியாக இணையுங்கள். அது 2.5 முதல் 5.5 வோல்ட் வரை ஏற்கும். சத்தம் சற்றுக் குறையும், ஓர் அறைக்குப் போதும். 5 வோல்ட்டாக உயர்த்தி முழுச் சத்தம் வைத்தால் மின்கலத்திலிருந்து ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒலிபெருக்கிச் சில்லின் மின்சாரக் காலுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபராட் மின்தேக்கி (கெபாசிட்டர்) ஒன்று வையுங்கள். ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தின்னும். ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர் மணி வீண். அதற்காகக் குறைவாகத் தின்னும் எச்டி7333 ரெகுலேட்டருக்கு ஓடாதீர்கள், அது 250 மில்லி ஆம்பியர்தான் தரும், வைஃபைக்குப் போதாது. இன்னொன்று, கருவியை ஓடவிட்டபடி டிபி4056-இல் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் அது நிறுத்தும். எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் கருவி அந்த அளவை இழுத்துக்கொண்டே இருந்தால், விடிய விடிய சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

ஹட்டன் பஸ் நிலையம்

டீச்சர் சொன்ன மின்தேக்கி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 470 மைக்ரோஃபராட் ஓர் ஆம்பியர் கொடுத்தால் கால் மில்லி நொடியில் அரை வோல்ட் இறங்கிவிடும். வைஃபையின் திடீர் இழுப்புக்கு உதவும். "ஏழு" என்று சொல்லி முடிக்க உதவாது. அதற்கு மின்கலம்தான் தாங்க வேண்டும்.

புறக்கோட்டையில் நான் வாங்கிய மின்கலத்தின் உறையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. நல்ல 18650 மின்கலங்களே 3500 அளவில்தான் வரும். கையில் எடுத்ததும் சந்தேகம். தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்தோம்: 29 கிராம். பக்கத்தில் நல்லதொன்றை வைத்தோம்: 46. கடைக்காரர் இரண்டையும் மாறி மாறி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெறும் கூடு" என்றார். மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு எடைகளும்தான் கண்ணுக்குள் நின்றன. தலவாக்கலைத் தம்பி, உங்களுடையதை நிறுத்துப் பார்த்தீர்களா?

தலவாக்கலையான்

நிறுத்துப் பார்த்தேன், 44 கிராம். மின்கலம் நல்லதுதான். நானுஓயா அண்ணன் சொன்ன டிபிஎஸ்63020 வாங்கிப் போட்டேன், டீச்சர் சொன்னபடி ஒலிபெருக்கியை மின்கலத்தோடு நேரே இணைத்தேன், மெல்லிய வயரை மாற்றினேன். நேற்று இரவு சமையலறையில் நின்று நான்தான் கேட்டேன். "மணி ஏழு நாற்பது" என்று முழுதாகச் சொன்னது. உள்ளறையிலிருந்து அப்பாயி, "யார் வந்திருக்கிறது?" என்று கேட்டார்.