மஞ்சள் கடிதாசி கொடுத்த பத்திரிகை அதிபர் ஐந்து முறை முதல்வரானது எப்படி?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனியில் ஐந்து முறை முதல்வராக இருந்த ஹென்றி பார்க்ஸ், 1850 டிசம்பரில் சிட்னியில் தொடங்கிய 'எம்பயர்' பத்திரிகையை 1858-இல் சுமார் 50,000 பவுன் கடனோடு மூடினார் என்று படித்தேன். அவருக்கு நிர்வாகம் தெரியவில்லையா, காலம்தான் கைகொடுக்கவில்லையா? அதன் பிறகும் அரசியலில் எப்படி நிலைத்தார்?

மறுமொழி 1:
இரண்டும்தான். தந்தத்தில் கடைசல் வேலை செய்து, ஹன்டர் தெருவில் பொம்மைக் கடை வைத்திருந்தவருக்கு எழுத்து வசப்பட்ட அளவுக்குக் கணக்கு வசப்படவில்லை. பத்திரிகை தொடங்கிய சில மாதங்களிலேயே, 1851-இல், தங்கம் கிடைத்த செய்தி பரவியது. அச்சகத் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுரங்கங்களுக்குப் புறப்பட்டதால் கூலி எகிறியது. ஆள் கிடைக்காமல் சென்னையிலிருந்து யூரேசிய (ஐரோப்பிய-இந்தியக் கலப்பு வம்சாவளி) அச்சுக்கோப்பாளர்களைக் கப்பலில் வரவழைத்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். எதிரே ஃபேர்ஃபாக்ஸ் என்பவரின் போட்டி நாளிதழான 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' வலுவாக வேரூன்றி நின்றது.

மறுமொழி 2:
வணிகமாகத் தோற்ற அந்தப் பத்திரிகைதான் அவருக்கு அரசியல் முதலீடு என்பது என் கருத்து. பிரிட்டனிலிருந்து கைதிகளை அனுப்புவதை எதிர்த்து 1849-இல் மேடையேறியவருக்கு, அதன் பிறகு நாள்தோறும் பேசுவதற்கு ஓர் ஏடு கிடைத்தது; 1854-இல் சட்ட மேலவைக்கும் தேர்வானார். 1858-இல் திவாலாகிப் பதவி விலகியவரை மறு ஆண்டே வாக்காளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1870-இல் மறுபடியும் திவாலாகி விலகினார், 1872-இல் முதல்வரானார். உறுப்பினர்களுக்குச் சம்பளமே 1889-இல்தான் வந்தது என்பதால், சொந்தச் சொத்து இல்லாதவர் அரசியலில் இருப்பதே கடனில் இருப்பதுதான். 1861-இல் ஆண்டுக்கு 1,000 பவுன் சம்பளத்தில் குடியேற்றப் பிரச்சாரத்திற்காக இங்கிலாந்து போனதற்கும் பணமுடையே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மறுமொழி 3:
மேலே உள்ளவற்றை ஏற்கிறேன், ஆனால் படம் முழுமையாகவில்லை. 1866-இன் பொதுப்பள்ளிச் சட்டத்துக்காகவும், ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்றிணையும் கூட்டாட்சிக்கு அழைப்பு விடுத்த 1889 அக்டோபர் 24 டென்டர்ஃபீல்ட் உரைக்காகவும் அவரைப் போற்றுகிறோம். 1901-இல் அந்தக் கூட்டாட்சி அமைந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை, 1896-இலேயே மறைந்தார். ஆனால் தம் அச்சகத்துக்கு ஆசியாவிலிருந்து ஆள் தருவித்த அதே மனிதரின் ஆட்சியில்தான், சீனக் குடியேறிகள் மீதான தலைவரி 1881-இல் 10 பவுனாகவும், 1888-இல் 100 பவுனாகவும் சட்டமாயிற்று.