ஒன்பதாம் வகுப்பில் ‘பொன்னியின் செல்வன்’: எங்கே தொடங்குவது?

கேள்வி: தமிழாசிரியை, பெரம்பூர்

வணக்கம். வாரம் ஒரு முறை வரும் நூலகப் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பினருடன் ‘பொன்னியின் செல்வன்’ வாசிக்கச் சென்ற ஆண்டு முயன்றேன். முதல் நாளே விசயாலயன் தொடங்கிச் சோழர் வம்சாவளியைக் கரும்பலகையில் எழுதிக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் சன்னல் வழியே ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். “படம் பார்த்துவிட்டோம், மிஸ்” என்றார்கள் மற்றவர்கள். பதினான்கு வயதில் நான் சோறு தண்ணீர் மறந்து படித்த நாவல் இது. இவ்வாண்டு எப்படித் தொடங்கலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

அம்மா, கல்கி வம்சாவளியோடு தொடங்கவில்லையே! ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஓர் இளைஞனைக் குதிரைமேல் ஏற்றி அனுப்புகிறார். சோழ நாட்டுச் சூழ்ச்சிகள் வந்தியத்தேவனுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்தே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த ஏரிதான் இன்றைய வீராணம். 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் குழாயில் கடந்து அதன் நீர் சென்னைக்கு வருகிறது. நான் மேசைமீது ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்பேன். “மெட்ரோ வாட்டர் லாரி, சார்” என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கியதும், லாரிக்கு முன்னால் எங்கே, அதற்கும் முன்னால் எங்கே என்று பின்னோக்கிச் சென்று ஏரியை அடைந்தபோதுதான் புத்தகத்தைத் திறந்தேன். ஏரியின் 74 கணவாய்கள் வழியே நீர் பாயும் இடத்தை வாய்விட்டு வாசித்தேன். கணவாய் என்றால் மதகு என்பதை யாரும் அகராதியில் தேட நேரவில்லை.

பதில் 2: ஒரு பெற்றோர், கோடம்பாக்கம்

ஐந்து பாகங்களையும் வகுப்பிலேயே முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை இது. அடுத்த இதழுக்காக ஏங்க வைக்கும்படியே எழுதப்பட்டது. உங்களுக்கும் வாரம் ஒரு வேளைதானே? கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டம் வரை வாசித்துவிட்டு, எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பான ‘பல்லக்கில் யார்?’ என்பதை மட்டும் பலகையில் எழுதி, மணி அடித்ததும் வெளியேறிவிடுங்கள். பொறுக்க முடியாதவர்கள் தாமே தேடிப் படிப்பார்கள். நாட்டுடைமையான நூல் என்பதால் மலிவுப் பதிப்புகள் உண்டு, தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. தேர்வு மட்டும் வைக்காதீர்கள்.

பதில் 3: வரலாற்று மாணவர், தாம்பரம்

படம் பார்த்தவர்களிடம் ஒரு வழக்கை ஒப்படைக்கலாம்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வீராணத்தை ஒட்டியுள்ள காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்ட உடன்பிறந்தாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. கல்கியோ, பெயர்களைக் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, கொன்ற கை எது என்பதை மர்மமாகவே விட்டுவிட்டார். ஆனால் கல்வெட்டை முதல் வாரமே காட்டிவிடாதீர்கள்; அதுவும் வம்சாவளியின் கதியைத்தான் அடையும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மாணவர்களே கேட்கும் வரை வம்சாவளியை எழுதப் போவதில்லை. திங்கட்கிழமை தம்ளரோடு வகுப்புக்குச் செல்கிறேன். எங்கள் வடசென்னைக் குழாயில் வருவது புழல் ஏரித் தண்ணீராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.