மண்டப லைவுக்கு கேம்கோடர்: சோனி என்எக்ஸ்80-ஆ, பானசோனிக் எக்ஸ்2000-ஆ?

குடந்தை கேண்டிட்:
வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண வேலை செய்கிறேன். கையில் சோனி ஏ7 த்ரீ இருக்கிறது, கேண்டிட்டுக்கு (போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் படங்களுக்கு) ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்போது ஆர்டர் கொடுப்பவர்கள் எல்இடி வால், யூடியூப் லைவ் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். ஒரு நடன ஆசிரியையும் அரங்கேற்றங்களுக்குக் கூப்பிடுகிறார். வர்ணம் ஒன்றே அரை மணிக்கு மேல் போகும். என் கேமரா 29 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். என்எக்ஸ்80 வாங்கலாமா, பானசோனிக் எக்ஸ்1500 அல்லது எக்ஸ்2000 பக்கம் போகலாமா? செகண்ட்ஹேண்டாக ஒரு என்எக்ஸ்100-ம் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபுல்ஃப்ரேம் ரசிகன்:
கேம்கோடர் காலம் முடிந்தது ப்ரோ. ஏ7 ஃபோர் எடுங்கள், அதில் 29 நிமிடக் கட்டுப்பாடு கிடையாது. 70-200 லென்ஸ் போட்டால் போதும்.

மதுரை மிக்சிங் யூனிட்:
தம்பி, மேலே சொன்னவர் கேண்டிட் ஆள் போல. முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் கையில் இருக்கும் தாலியிலிருந்து மண்டபம் முழுவதற்கும் ஒரே இழுப்பில் வர வேண்டும். பின்னாடி எல்இடி வாலில் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது லென்ஸ் மாற்ற முடியுமா? அந்த நடுக் கேமராவுக்கு கேம்கோடர்தான்.

எது என்பதை சென்சார் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் கேமரா நிற்கும் இடத்திலிருந்து மேடை எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். என்எக்ஸ்80-க்கு ஒரு இஞ்ச் சென்சார், 12 மடங்கு ஜூம். ஃபுல்ஃப்ரேம் கணக்கில் 29 முதல் 348 மி.மீ. 80 அடி தள்ளி நின்று முழுக்க இழுத்தாலும் ஃப்ரேமில் சுமார் 8 அடி அகலம் விழும். மணமக்களோடு ஐயரும் நாத்தனாரும் வருவார்கள், தாலி முடிச்சு வராது. எக்ஸ்2000 24 மடங்கு, 25 முதல் 600 மி.மீ. அதே இடத்திலிருந்து ஏறக்குறைய 5 அடி. என்எக்ஸ்80-ல் இன்னொன்று, அகலத்தில் எஃப் 2.8 ஆக இருக்கும் லென்ஸ் திறப்பு முழு ஜூமில் சுருங்கி 4.5 ஆகிவிடும். விடிகாலை ஐந்து மணி முகூர்த்தத்தில் ஜூம் இழுக்க இழுக்கப் படம் மங்குவது வாலில் அப்பட்டமாகத் தெரியும்.

பானசோனிக்கின் சென்சார் சின்னது, இருட்டில் கொஞ்சம் புள்ளி விழும், மறுக்கவில்லை. மேடையில் வீடியோ லைட் எப்படியும் போடுவோம், சமாளிக்கலாம். மண்டபம் சின்னது, 40 அடிக்குள் நிற்கலாம் என்றால் நானே என்எக்ஸ்80 பக்கம் சாய்வேன். அதன் ஆட்டோஃபோகஸ் நல்லது.

அடுத்தது கேபிள். என்எக்ஸ்80-லும் எக்ஸ்1500-லும் எச்டிஎம்ஐ மட்டும்தான். சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் 50 அடி தாண்டினால் படம் துள்ள ஆரம்பிக்கும். பந்தியிலிருந்து எழுந்து வருகிற கூட்டம் மிதித்தால் முடிந்தது. எக்ஸ்2000-ல் எஸ்டிஐ (நீள ஒயரில் வீடியோ அனுப்பும் இணைப்பு) உண்டு. கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி6 ஒயர் நல்லதாக இருந்தால் 200 அடி தாராளமாகப் போகும், அதன் முனையில் வரும் பிஎன்சி பிளக் திருகிப் பூட்டிக்கொள்வதால் காலில் மாட்டினாலும் லேசில் கழலாது. எச்டிஎம்ஐயை எஸ்டிஐ ஆக்கும் டப்பா கிடைக்கிறது, ஆனால் அதற்குத் தனி பவர் வேண்டும். எந்தப் புண்ணியவானாவது ஃபோன் சார்ஜருக்காக அதன் பிளக்கைப் பிடுங்குவான்.

என்எக்ஸ்100 ஃபுல் எச்டிதான். லைவும் எச்டியில்தான் போகப்போகிறது என்பதால் அது ஒரு குறையே இல்லை. ஜூம் மட்டும் அதே 12. வாங்குவதானால் மெனுவில் ஹவர் மீட்டரை (எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை) பாருங்கள், ஜூம் ராக்கர் பட்டனை மெதுவாக அழுத்தித் திக்குகிறதா என்று பாருங்கள், லென்ஸில் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள்.

குடந்தை கேண்டிட்:
நன்றி அண்ணா. இங்கே பெரிய மண்டபங்களில் 70, 80 அடி வந்துவிடுகிறது. எக்ஸ்1500 வாங்கிவிட்டுப் பிறகு ஹேண்டில் சேர்த்துக்கொள்ளலாமா, விலை குறைகிறதே?

மதுரை மிக்சிங் யூனிட்:
ஹேண்டில் இல்லாமல் அதில் எக்ஸ்எல்ஆர் (மைக், மிக்சர் ஒயர் மாட்டும் சாக்கெட்) கிடையாது. சேர்த்தாலும் எஸ்டிஐ வராது. முதலிலேயே எக்ஸ்2000.

ஒலிக்காரன்:
படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நாதஸ்வரத்தை யார் பார்ப்பது? ஆட்டோ லெவலில் விட்டால் கெட்டி மேளம் கொட்டிய உடனே கேமரா பயந்து சத்தத்தை அமுக்கிவிடும். மேளம் நின்ற பிறகு மந்திரம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். மேனுவலில் வைத்து, தவில் உச்சத்தில் ஒலி மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி முன்னாடியே பாருங்கள். முதல் சேனலுக்கு சவுண்ட் மிக்சர் ஒயர், இரண்டாவதற்கு மேடை ஓரத்தில் ஒரு மைக். மிக்சர் வரும் சேனலின் சுவிட்ச் ‘லைன்’-இல் இருக்க வேண்டும். ‘மைக்’-இல் இருந்தால் கரகரக்கும், ‘+48’-இல் (மைக்குக்குக் கரண்ட் அனுப்பும் நிலை) இருந்தால் மிக்சர்க்காரர் உங்களைத் தேடி வருவார்.

மதுரை மிக்சிங் யூனிட்:
சரியாகச் சொன்னீர்கள். அரங்கேற்றத்துக்கு இன்னொன்று: ஸ்பாட் லைட்டில் ஆட்டோ எக்ஸ்போஷர் முகத்தை வெளுத்துவிடும். ஜீப்ராவை (வெளிச்சம் அதிகமான இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) போட்டு, நெற்றிச்சுட்டி மட்டும் கோடு விழுகிற அளவுக்கு ஐரிஸை (லென்ஸ் திறப்பை) இறக்கிக்கொள்ளுங்கள். விளக்கு மினுக்காமல் இருக்க ஷட்டர் 1/50, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்து, முடிந்ததும் ஒன்றை அசிஸ்டென்ட் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

குடந்தை கேண்டிட்:
ஆர்ஜி6 ஒயர் ரெடிமேடாக வாங்கலாமா அண்ணா, நாமே பிஎன்சி அடிப்பதா?

மதுரை மிக்சிங் யூனிட்:
கேபிள் டிவிக்காரரிடம் சுருளாக வாங்கி, கம்ப்ரஷன் பிஎன்சி அடித்துக்கொள்ளுங்கள். 75 ஓம் என்று கேட்டு வாங்குங்கள்.