ஹம்ப்புல ஸ்போர்ட்ஸ் கார் அடி தட்டுது, அவசரம்!

புதுச்சக்கரம்:
எங்க தெருவுல நாலு ஹம்ப், அதான் வேகத்தடை. மூணாவதுல ஒவ்வொரு தடவையும் கர்ர்ர்னு தேய்க்குது. மெதுவாத்தான் போறேன். வழி சொல்லுங்க ப்ளீஸ், நாளைக்குக் காலையில வண்டி எடுத்தே ஆகணும்.

லேஅவுட்வாசி:
என்ன வண்டி குரு? எந்த ஏரியா?

ஸ்பானர்கை:
தேய்க்கறது முன் லிப்பா (பம்பரோட அடி விளிம்பு), நடு வயிறா, பின்னாடி சைலன்சரா? முன்சக்கரம் ஏறும்போதா, இறங்கின பிறகா? தனியா போறீங்களா, பக்கத்துல ஆள் உண்டா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

நாலாம்கியர்:
ஷாக் அப்சார்பர் போயிருக்கும், எழுதி வச்சுக்கோங்க. வண்டி மூலையை அழுத்தி விடுங்க. ரெண்டு மூணு தடவை ஆடுச்சுன்னா ஷாக் காலி.

ஸ்பானர்கை:
நிக்கிற வண்டியோட உயரத்தைத் தாங்கறது ஸ்பிரிங், ஷாக் இல்ல. ஷாக் தளர்ந்தா ஹம்ப் இறங்கும்போது மூக்கு ஆழமா குத்தும். அதனாலதான் 'எப்போ தேய்க்குது'ன்னு கேட்டேன்.

பழையபெட்ரோல்:
வண்டி பேர் இல்ல, ஹம்ப் அளவு இல்ல, "அவசரம்" மட்டும் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவங்க டெலிவரிக்கு முன்னாடி ஒரு இஞ்ச் டேப்பும் வாங்கணும்னு எத்தனை தடவைதான் எழுதறது.

புதுச்சக்கரம்:
சாரி சார். போர்ஷே 718 பாக்ஸ்டர், செகண்ட் ஹேண்ட். பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட். தனியாத்தான் போறேன். நடுவுல தேய்க்குது, முன்சக்கரம் தாண்டினதுக்கு அப்புறம். ஹம்ப் ஒரு மீட்டர் அகலம் இருக்கும்.

பழையபெட்ரோல்:
இப்போ பேசலாம். ஐஆர்சி 99, அதாவது இந்திய சாலை காங்கிரஸோட வழிகாட்டி, 1988 பதிப்புல சொன்ன ஹம்ப் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்துல தாண்டறதுக்குன்னு கணக்குப் போட்டது. உங்க வண்டி சக்கர இடைவெளி 2,475 மி.மீ. அந்த வளைவுல நாலு சக்கரமும் ஏறி நிக்கும்போது வயித்துக்கு நடுவுல ஹம்ப் எழும்பறது வெறும் 45 மி.மீ.தான், ஏன்னா சக்கரமும் கூடவே உயர்ந்திருக்கும். அதுல எந்த ஸ்போர்ட்ஸ் காரும் தட்டாது. உங்க தெரு ஹம்ப்போ ஒரு மீட்டர். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாம, வண்டி அதுக்கு மேல பாலம் மாதிரி நிக்கும். ஹம்ப்போட முழு உயரமும் வயித்துக்குத்தான். வேகத்தைக் குறைச்சா மட்டும் இது தீராது.

சில்க்போர்டு:
அப்போ நேரா இல்லாம கோணமா சாய்ச்சு ஏத்துங்க, அவ்வளவுதான்.

நாலாம்கியர்:
சாய்ச்சு ஏத்தினா பாடி முறுக்கிக்கும். அதுவும் கூரை திறக்கற வண்டி. நேரா, மெதுவா போறதுதான் சரி.

ஸ்பானர்கை:
நேரா போனா தட்டுதுன்னுதானே கேள்வியே! சாய்ச்சாலும் பத்து இருபது டிகிரியில பலன் கம்மி. 45 டிகிரி வரணும். அப்போ முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏறும். ஒரு மீட்டர் ஹம்ப் மேல அனேகமா எப்பவும் ஒரு சக்கரமாவது இருந்து வயித்தைத் தூக்கிப் பிடிக்கும். நடைவேகத்துல அந்த முறுக்கு ஒண்ணும் செய்யாது, கூரை ரப்பர் கீச்சுனு ஒரு சத்தம் போடலாம்.

லேஅவுட்வாசி:
45 டிகிரிக்கு எச்எஸ்ஆர் உள்தெருவுல இடம் எங்க இருக்கு? ரெண்டு பக்கமும் பார்க்கிங். நீங்க வலது ஒடிச்ச அடுத்த நொடி இடதுல ஸ்கூட்டர் புகுந்திருக்கும். இண்டிகேட்டர் போட்டு, ரெண்டு கண்ணாடியும் பார்த்து, நின்னு, அப்புறம் திருப்புங்க.

சில்க்போர்டு:
வீல் பெருசாக்கினா வண்டி தானா உயருமே?

ஸ்பானர்கை:
உயராது. இதே வண்டிக்கு 18 இஞ்ச்ல முன் டயர் 235/45, 20 இஞ்ச்ல 235/35 (முதல் எண் டயர் அகலம் மி.மீ.ல, ரெண்டாவது ரப்பர் சுவர் அதுல எத்தனை சதவீதம்னு). மொத்த விட்டம் 669, 673 மி.மீ. வித்தியாசம் 4, அதுல பாதிதான் உயரமா கிடைக்கும். ரிம் பெருசாகும், ரப்பர் சுவர் மெலியும், அடுத்த பள்ளத்துல ரிம் வளையும்.

புதுச்சக்கரம், நாளைக்குக் காலைக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க. பேஸ்மென்ட் சமதரையில, ரெண்டு அச்சுக்கும் நடுவுல, தரையிலிருந்து வண்டியோட மிகத் தாழ்ந்த புள்ளி வரைக்கும் ஒண்ணு. ஹம்ப் உச்சியில நேரான ரீப்பர் கட்டை வச்சு, போன்ல மட்டம் பார்த்து, கட்டைக்கும் தரைக்கும் உள்ள உயரம் ஒண்ணு. ஹம்ப்பை விட வயிறு 15 மி.மீ.யாவது உயரமா இல்லைன்னா நேரா போகவே வேண்டாம்.

ஏறும்போது: ஹம்ப்புக்கு முன்னாடியே கிட்டத்தட்ட நிக்கிற அளவுக்கு வேகத்தைக் குறைங்க. சக்கரம் தொடறதுக்கு முன்னாடி பிரேக்கை முழுசா விடுங்க. பிரேக் அழுத்தினபடியே ஏறினா மூக்கு தாழும், லிப்பும் போகும். இறங்கும்போதும் நடுவுல பிரேக் தொடாதீங்க.

முக்கியமா, டார்ச் அடிச்சு அடியில பாருங்க. அடியை மூடற பிளாஸ்டிக் அண்டர்ட்ரே திருகு கழண்டு தொங்கினாலே இந்தச் சத்தம் வரும். அது கீறினா போகட்டும். ஆனா உங்க வண்டியில ரேடியேட்டர் முன்னால, இன்ஜின் சீட்டுக்குப் பின்னால. இன்ஜினைக் குளிர்விக்கற கூலன்ட் பைப் அடிவழியாத்தான் ஓடுது. ஈரம் இருந்தா வண்டியை எடுக்காதீங்க.

நாலாம்கியர்:
ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் வச்சா போதும்.

ஸ்பானர்கை:
செடானுக்கு வைக்கறது அது. இதுல சவாரி மரக்கட்டை ஆகும், இறுக்கமா நிக்கலைன்னா நழுவும். காசு செலவழிக்கறதா இருந்தா ஏர் கப் லிஃப்ட் கிட் பார்க்கலாம். ஸ்பிரிங்குக்கு மேல ஒரு காத்துக் கிண்ணம், குட்டி கம்ப்ரஸர், டேங்க், பட்டன்.

பழையபெட்ரோல்:
போர்ஷே 911 வாங்கறவங்க ஆர்டர் கொடுக்கும்போதே முன் அச்சு லிஃப்ட் எடுத்துக்கலாம், 40 மி.மீ. தூக்கும். வெளியில கிட் போடறவங்க வண்டியை மாத்தறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்க.

லேஅவுட்வாசி:
வண்டியை மாத்தினா சட்டம் வரும். நடுராத்திரியில சிமென்ட் கொட்டி ஹம்ப் கட்டறவனுக்கு? 40 மீட்டர் முன்னாடி எச்சரிக்கைப் பலகை, வெள்ளைப் பெயின்ட், எதுவும் கிடையாது.

சில்க்போர்டு:
அந்த ஹம்ப் இல்லைன்னா அந்தத் தெருவுல குழந்தைங்க விளையாட முடியாது பாஸ். பைக்காரங்க அறுபதுல போறாங்க.

லேஅவுட்வாசி:
வேண்டாம்னு யார் சொன்னா? அளவா கட்டுங்கன்னுதான் சொல்றேன். செங்குத்தா கட்டினா முதல்ல விழறது மழையில வர்ற ஸ்கூட்டர்தான், போர்ஷே இல்ல.

புதுச்சக்கரம்:
அளந்தேன். வயிறு 98 மி.மீ., ஹம்ப் 110 மி.மீ. ஸ்பிரிங் சிவப்பு கலர், கம்பெனிது இல்லையாம். பழைய ஓனர் மாத்தியிருக்கார். அண்டர்ட்ரேல மூணு திருகு காணோம். ஈரம் இல்ல. சாய்ச்சுப் போனேன், தட்டலை. நன்றி எல்லாருக்கும்.

பழையபெட்ரோல்:
வண்டி உயரத்தை இறக்கற ஸ்பிரிங். இதை முதல் பதிவுலேயே எழுதியிருக்கலாம்.

ஸ்பானர்கை:
கம்பெனி ஸ்பிரிங் நாலும் போடுங்க, முன்னால மட்டும் மாத்தாதீங்க. மாத்தினதும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் ரெண்டும் பாருங்க. டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கா?

ஸ்பானர்கை:
புதுச்சக்கரம், டயர் பார்த்தீங்களா?